கிடைக்காதவன் கட்சி

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு என்பதும், சீசன் முடிந்ததும் அங்கே பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஆட்டக்காரர்களுக்குத் தனித்தனியே விருது கொடுப்பார்கள் என்பதும், அந்த விருது பெரும்பாலும் தவறான ஆளுக்கே போய்ச் சேருகிறது என்பதும் எனக்கு அபுதாபிப் பக்கம் முசஃபாவில் கம்பெனி பஸ்ஸில் வைத்துத்தான் தெரியவந்தது. மூன்றையும் சொன்னவர் அண்ணாச்சி. முதல் இரண்டும் உண்மை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாவதைப் பற்றி எனக்கு இன்றுவரை கருத்து கிடையாது.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். நான் புதுக்கோட்டைக்காரன். ஒரே யார்டில் வேலை. நான் வெல்டர், அவர் ரிக்கர். கிரேன் இரும்பைத் தூக்கும்போது கீழே நின்றுகொண்டு, மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் ஆப்பரேட்டருக்கு ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுகிற வேலை. அந்தக் கை ரூமுக்கு வந்த பிறகும் ஓயாது. பேச்சில் எதிராளி வேகமெடுத்தால் உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக இறக்குவார். எங்கள் ரூமில் அடுக்குக் கட்டில். கீழே அவர், மேலே நான். ஆகவே அவருடைய வாதங்கள் எல்லாம் எனக்கு முதுகுப் பக்கமிருந்துதான் வந்தன.

பேஸ்பால் அவருக்குப் பிடித்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அபுதாபிக்கு வருமுன் குவைத்தில் இருந்தார். அப்பாசியாவில் ஒரு ஃப்ளாட்டில் நெருக்கியடித்துத் தங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே அமெரிக்கர்கள் இருந்த கேம்ப் ஒன்றின் மெஸ்ஸில் தட்டுக் கழுவினார். அங்கே டிவியில் வேறெதுவும் ஓடாதாம்.

"மொதல்ல ஒரு எழவும் வெளங்கல. ஒருத்தன் எறியுதான், ஒருத்தன் கட்டையச் சுத்துதான், பாதி நேரம் எல்லாவனும் துப்பிக்கிட்டு நிக்கான். சரிதான், வேல இல்லாதவன் வெளாட்டு போலன்னு விட்டுட்டேன். ஒருநா சாப்பிடுத எடத்துல பெரிய சண்ட. ரொட்டியத் தூக்கி எறியுதானுவ. என்னன்னு கேட்டா, ஆட்டமெல்லாம் முடிஞ்சிட்டாம், இந்த வருசம் யாருக்கு விருது குடுக்கணும்னு சண்டையாம். ஆட்டத்துல ஒருத்தனும் சண்ட போடல கேட்டியா. ஆட்டம் முடிஞ்ச பெறவுதான் சண்ட. அப்பதாம்ல எனக்கு இந்த வெளாட்டு புடிச்சிது."

ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அதற்காக அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. அவரவர் முகவெட்டைப் பார்த்து ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டார். ஒரு பெரிய தாடிக்காரர் தங்கராசு. பந்தெறிகிற நெட்டையன் ஒருவர் சுடலைமுத்து. நவம்பர் பிறந்து அங்கே விருது அறிவிக்கும்போது நமக்கு விடியற்காலையாக இருக்கும். போனில் முடிவைப் பார்த்துவிட்டு, பஸ் எங்கள் தொழிலாளர் கேம்ப்பின் கேட்டைத் தாண்டுமுன்னே ஆரம்பித்துவிடுவார்.

"தங்கராசுக்குக் குடுக்கல. கேட்டியளா அநியாயத்த. தங்கராசு இல்லாம அந்த டீமு எங்க போயிருக்கும்? சுடலைமுத்து நல்லா எறியுதான், இல்லங்கல. ஆனா அவன் அஞ்சு நாளைக்கு ஒருக்கத்தான் எறியுதான். தங்கராசு தெனமும் நிக்கான்."

பாதித் தூக்கத்தில் இருந்த பஸ் முழுக்க இதைக் கேட்கும். புதிதாக வந்த திருவாரூர்க்காரர் ஒருவர், தங்கராசு எந்தச் சைட்டில் வேலை பார்க்கிறார் என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். தங்கராசுக்கு இன்கிரிமென்ட் மறுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்து ரொம்ப வருத்தப்பட்டார். பஸ்ஸை ஓட்டிய பதான் டிரைவர்கூட ஒரு நாள் இறங்கும்போது, "தங்கராஜ் கோ மில்னா சாஹியே தா, பாய்" என்று, தங்கராசுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்பதை இந்தியில் சொன்னார். அண்ணாச்சி அன்றைக்கு எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார்.

அவர் கொள்கை எளிது. "கெடச்சவனுக்குக் கெடச்சாச்சு. அவன் சாப்ட்டுட்டுத் தூங்குவான். கெடைக்காதவன் கதையப் பேசுவோம்" என்பார். ஏதாவது ஒன்று ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டது என்றால், அது யாருக்குக் கிடைக்காமல் போயிற்று என்று பார்ப்பதற்கு அவர் கழுத்து தானாகத் திரும்பிவிடும். யார்டில் மாதாமாதம் நல்ல தொழிலாளி என்று ஒருவருடைய போட்டோவை போர்டில் மாட்டுவார்கள். ஒரு மாதம் பீகார் ஹெல்பர் பையனுக்குக் கொடுத்தார்கள். அண்ணாச்சி தண்ணீர் குடிக்க வருகிறவர்களையெல்லாம் அந்த போர்டுக்கு முன் நிறுத்தி, அது ஏன் பெயின்டர் ஒருவருக்குப் போயிருக்க வேண்டும் என்று விளக்கினார். இரண்டே நாளில் பீகார்க்காரனுக்கே அது நியாயமாகப் பட்டுவிட்டது. தன் போட்டோவைத் தானே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பெயின்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். சேஃப்டி ஆபீசர் அதன் பிறகு அண்ணாச்சியை போர்டுப் பக்கம் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மகள் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் முதலாவது வந்துவிட்டு அப்பாவுக்கு ஆசையாகப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம். "ரொம்ப சந்தோசம் தாயி" என்றவர், மூச்சு விடுவதற்குள், "ரெண்டாவது வந்த புள்ள யாரு? அதுக்கு ஷூ இருந்துதா?" என்று கேட்டார். பிறகு அவர் மனைவி போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பேசினார். அதை அண்ணாச்சி ஸ்பீக்கரில் போடவில்லை.

இதெல்லாம் அடுத்தவருக்கு நடக்கிறவரை எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. எங்கள் கேம்பில் குளிர் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னாலிருந்த மணல்வெளியில் சிமென்ட் போட்டு ஒரு பிட்ச். கேம்ப் பிளாக்குகள் தங்களுக்குள் டீம் கட்டி ஆடுவோம். மார்ச்சில் முடியும். சிறந்த ஆட்டக்காரருக்கு வழக்கமாக ஒரு பிளாஸ்டிக் கோப்பைதான். அந்த வருடம் அட்மின் மேனேஜர் ஒரு புதுச் செய்தி சொன்னார். யாருக்கு அந்த விருதோ அவரைக் கம்பெனி டீமில் எடுத்துக்கொள்வார்கள், கோடை முழுக்க ஸ்டோர் டியூட்டியும் கொடுப்பார்கள் என்றார்.

ஸ்டோர் என்றால் ஏசி. எனக்கு அந்த ஏசி தேவைப்பட்டது. போன கோடையில் யார்டில் வெல்டிங் செய்துகொண்டிருந்தபோது மயங்கி விழுந்திருந்தேன். தெளிந்து எழுந்தவன் அடுத்த வாரமே மறுபடி விழுந்தேன். விஷயம் எப்படியோ ஊருக்கு எட்டிவிட்டது. "இன்னொரு வெயில் காலமும் வெளியிலதான்னா, பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துருங்க. எனக்கு ஆள் வேணும்" என்று மனைவி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். ஊரில் எனக்கு வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. ஆகவே ஸ்டோர் கிடைத்தால் இங்கே இருப்பேன், இல்லாவிட்டால் போக வேண்டும் என்கிற நிலைமை.

நல்ல வேளையாக அந்த சீசன் மட்டை என் பேச்சைக் கேட்டது. எல்லாரையும்விட அதிக ரன் எடுத்தது நான்தான். எங்கள் பிளாக்தான் கோப்பையும் வென்றது. என்னோடு பேச்சில் அடிபட்ட இன்னொரு பெயர் ஜூடு. தூத்துக்குடிக் கடற்கரைப் பையன், சாரம் கட்டுகிறவன். இடது கையால் வீசுவான். அவன் வீசினால் எனக்கே பந்து கண்ணில் படாது. ஆனால் அவன் டீம் கடைசியாக வந்தது.

தேர்வு செய்ய மூன்று பேர். மேனேஜர், அம்பயராக நின்ற பாகிஸ்தான்காரர், ஸ்கோர் எழுதிய அண்ணாச்சி. மேனேஜர் என் பக்கம். அம்பயர் ஜூடு பக்கம். ஆக என் கோடை முழுவதும் என் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. நான் நெய்மீன் வாங்கி வந்து புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். அண்ணாச்சி ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டார்.

"கொழம்பு பிரமாதம்டே. ஆனா விருது ஜூடுக்குத்தான்."

"நான்தானே அண்ணாச்சி அதிக ரன்னு?"

"நீ நல்ல ஆட்டக்காரன்தான். ஆனா நீ அவுட் ஆனாலும் ஒன் டீமுல இன்னும் நாலு பேரு அடிப்பான். ஜூடு ஒருநா காய்ச்சல்ல படுத்தா அவன் டீமு என்னத்துக்கு ஆவும்?"

"அவன் ஆடியும் கடைசியாத்தானே வந்தாங்க?"

"அதத்தான் சொல்லுதேன். அவன் இல்லன்னா அவனுவ டீமுன்னே ஒண்ணு இருந்திருக்காது. தங்கராசு கதையும் இதுதானல."

தங்கராசு மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் நடந்திருப்பதே வேறு. மனைவி சொன்னதையும், மயங்கி விழுந்ததையும் அவருக்கு நினைவுபடுத்தினேன். அண்ணாச்சி முகம் வாடிவிட்டது. கைகழுவிவிட்டு வந்து, "அது எனக்குத் தெரியாதா? ஒன்னய அன்னைக்குத் தூக்கிட்டு வந்தவனே நாந்தான. ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடக் கூடாதுடே" என்றார். அடுத்த ஞாயிறு மாலை மணல்வெளியில் ஜூடு பெயரை அறிவித்தார்கள். ஜூடு கோப்பையைத் தூக்கிக் காட்டினான். நான் கைதட்டினேன், சத்தம் வராமல்.

கேம்புக்குத் திரும்பி நடக்கும்போது அண்ணாச்சி என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைச் செருமினார்.

"நியாயமாப் பாத்தா இது ஒனக்குத்தான் வந்திருக்கணும்."

நான் நின்றுவிட்டேன்.

"இல்ல, யோசிச்சுப் பாரு. கடைசி ஆட்டத்துல நீ மட்டும் நிக்கலன்னா கப்பு ஏது? ஜெயிச்ச டீமுல இருக்கான்ங்கதுக்காக ஒருத்தன ஒதுக்குதது என்ன நியாயம்?"

"ஓட்டுப் போட்டது நீங்கதானே அண்ணாச்சி?"

"ஓட்டு வேற. அது போட்டு முடிஞ்சிட்டு. இனிமே பேசணும்லா."

அவர் விளையாடவில்லை. அதுதான் பயங்கரம். ஜூடுக்குக் கிடைத்துவிட்டதால் அவர் கழுத்து என் பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் முதல் மேனேஜர் கேபினுக்குப் போக ஆரம்பித்தார். என்ன பேசினாரோ, தன் ஓட்டைத் தானே எப்படித் தோலுரித்தாரோ, எனக்குத் தெரியாது. ஏப்ரல் முடிவதற்குள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மலையாளி, சாதுவான மனுஷர். கண்ணெல்லாம் களைத்திருந்தது. "எடோ, நீ போய் ஸ்டோர்ல இரு. ஜூடு யார்டுக்குப் போகட்டும். எனக்கு மதியாயி, போதும்" என்றார்.

ஸ்டோருக்குப் போன முதல் நாள் மனைவிக்கு வீடியோ கால் போட்டு ஏசியைக் காட்டினேன். ஏசியைத் தெளிவாகப் பார்த்த பிறகுதான் அவள் என்னைப் பார்த்தாள். அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரை நிலைத்தது. மத்தியானம் அண்ணாச்சி டிபன் பாக்ஸோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நல்லா இரு. எனக்குச் சந்தோசம்தான். ஆனா அங்க அந்தப் பய சாரத்துல வெயில்ல நிக்கான். ஓட்டுல ஜெயிச்சவன் அவன். அவன எறக்கி உட்டுட்டு ஒன்னய ஏத்துனது எந்த ஊரு ஞாயம்?"

சொல்லிவிட்டு மேனேஜர் கேபின் இருந்த திசையில் நடந்தார்.

ஜூடை அன்று மாலையே மெஸ்ஸில் பிடித்தேன். சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்து அவன் எழுந்து நின்றான். "ஜூடு, இந்த மனுஷன் நம்ம ரெண்டு பேரையும் கோடை முடியிற வரைக்கும் ஏத்தி இறக்கிக்கிட்டேதான் இருப்பாரு" என்றேன். அவனுக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. "ஆமாண்ணே, நேத்து என்கிட்ட வந்து ஆறுதல் சொன்னாவ" என்றான். இருவரும் சேர்ந்து மேனேஜரிடம் போய், வாரம் ஒருவராக மாறி மாறி ஸ்டோரில் இருந்துகொள்கிறோம் என்று கேட்டோம். "கலாஸ், முடிஞ்சுது. என்ன வேணும்னாலும் செய்துக்கோ. அயாளை, அந்த அண்ணாச்சியை மட்டும் இங்கே விடாதே" என்றார்.

எங்களுக்கு ஒரே நிம்மதி. இனிமேல் தோற்றவன் என்று ஒருவன் இல்லை, அண்ணாச்சியிடம் பேச எதுவும் மிஞ்சாது என்று கணக்குப் போட்டோம். செய்தியைக் கேட்டு அவரும் உண்மையாகவே வாயடைத்துப் போனார். கீழ்க்கட்டிலில் அவர் புரண்டு புரண்டு படுப்பது மட்டும் கேட்டது. மறுநாள் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி, நீங்க ரெண்டு பேரு. அப்ப அந்த மூணாவது பிளாக்கு கீப்பர் என்ன பாவம் பண்ணுனான்?"

மே மாதம் கீப்பரும் சேர்ந்தார். ஜூனில், கீப்பரைவிட வயதில் மூத்தவர், அதனால் வெயில் அவருக்குத்தான் அதிகம் என்று கிரைண்டர் பிடித்து இரும்பு தேய்க்கிற ஒருவர் சேர்ந்தார். பிறகு, கிரிக்கெட் ஆடத் தெரியாத ஒரே குற்றத்துக்காக ஒருவன் வெயிலில் சாக வேண்டுமா என்று பீகார் ஹெல்பரும் சேர்ந்தான். ஆள் சேரச் சேர எங்கள் முறை சுருங்கி, வாரம் என்பது இரண்டு நாளாயிற்று. நான் கத்தினேன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கோடையின் நடுவில் ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது, அந்த வருடம் எங்களில் யாருமே மயங்கி விழவில்லை என்பது நினைவுக்கு வந்தது. யாருக்கும் தலை கிறுகிறுக்கிற கட்டம் வருவதற்குள் முறை வந்துவிட்டது. மனைவிக்கு நான் ஏசியைக் காட்டிக்கொண்டே இருந்தேன், முறைக்கு இரண்டு நாள்தான் ஏசி என்று மட்டும் சொல்லவில்லை.

இத்தனை முறை மாறியும் அண்ணாச்சி ஒரு நாள்கூட ஸ்டோரில் உட்காரவில்லை. இதை முதலில் கவனித்தது ஜூடு. "நம்ம எல்லாருக்கும் பேசுனாவ. அவியளுக்கு யாருண்ணே பேசுவா?" என்று கேட்டான். கேட்டவன் சும்மா கேட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாளே மேனேஜரைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கோடையில் மத்தியானம் வெளி வேலை நிறுத்த வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. அந்த இடைவேளையில் எல்லாரும் நிழல் கண்ட இடத்தில் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவோம். மேனேஜரை அந்த நேரத்தில்தான் தனியாகப் பிடிக்க முடியும். நான் யார்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தேன். நடுவில் ஒரு மரம் கிடையாது, ஒரு கூரை கிடையாது. செருப்புக்கு அடியில் தார் இளகியது. பாதி வழியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் நிழலில் குறட்டை விட்ட ஒவ்வொரு மத்தியானமும் இந்தத் தரையில்தான் அந்த மனுஷன் எங்களுக்காகப் போய்ப் போய் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் அவரைப் பேச்சுப் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

மேனேஜர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "ஒரு வாரம் முழுக்க அயாள் ஸ்டோரில் இருக்கட்டும். எனக்கும் சமாதானம்" என்றார்.

அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. தான் கிரேனுக்குக் கீழே நிற்பவன் என்றும், கிரேனின் நிழல் அவ்வப்போது தன்மேல் விழும் என்றும், தன்னைவிடத் தகுதியானவர்கள் யார்டில் இருக்கிறார்கள் என்றும் பெயர் பெயராகச் சொன்னார். நானும் ஜூடும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஸ்டோர் நாற்காலியில் உட்கார வைத்தோம். மத்தியானம் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனோம். ஏசிக்கு நேர் கீழே, நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பகல் நேரத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கழுத்துக்குப் பின்னால் தோல் கறுத்து உரிந்திருந்தது. ஜூடு மெதுவாகக் கதவைச் சாத்தினான்.

விழித்ததும் அவருக்கு மானம் போய்விட்டது. எழுந்து நேரே மேனேஜர் கேபினுக்குப் போய், டியூட்டி நேரத்தில் தூங்குகிற ஒருவனைப் போய் ஸ்டோரில் வைத்திருக்கிறீர்களே, வெயிலில் நிற்கிறவன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று தன்மீது தானே புகார் கொடுத்தார். நாங்கள் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாதங்களிலேயே அதுதான் பலமானது. மேனேஜர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரிதான் அண்ணாச்சி. ஆனா இந்தத் தடவை நான் கேட்கப் போறதில்லை. போய் உட்காருங்க" என்றார்.

அண்ணாச்சி தோற்றுப்போன முகத்தோடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஞாயமே இல்லடே" என்றார் எங்களைப் பார்த்து.

சொல்லிவிட்டு, மறுபடியும் தூங்கிவிட்டார்.